குசினிச் சிங்குக்கு ரப் பூட்டுதல்: வாசகர் கேள்வி – பதில்

சிங், ரப், தண்ணீர்த் தாங்கி பற்றி வந்த கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்களுடையது வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. குசினிக்குள் இப்போதுதான் சிங் வைக்கிறோம். பத்தடித் தூணில் 1000 லீற்றர் தாங்கி நிற்கிறது. ஒற்றைக் கைபிடி மிக்சர் ரப்தான் (சுடுதண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தருவது) நல்லது என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, விசுவமடு

பதில்: காசு கொடுக்க முதல் தாங்கியின் உயரத்தைக் கணக்குப் பாருங்கள். தண்ணீர் ஒரு மீற்றர் உயரத்தில் நின்றால் ஏறத்தாழ 0.1 பார் (bar, அழுத்தத்தின் அலகு) அழுத்தம் கிடைக்கும். பத்தடி என்றால் 3 மீற்றர். ஆனால் ரப் நிலத்தில் இருக்கப்போவதில்லை, நிலத்திலிருந்து 1.2 மீற்றர் மட்டில் இருக்கும். அதைக் கழித்தால் தாங்கியின் அடிக்கும் ரப்புக்கும் இடையில் மிஞ்சுவது 1.8 மீற்றர். தாங்கி நிரம்பி நிற்கையில் உள்ளே இருக்கும் தண்ணீரின் உயரத்தையும் சேர்த்தால் 3 மீற்றர் அளவு வரலாம். ஆகவே உங்கள் ரப்புக்குக் கிடைக்கப்போவது 0.2 முதல் 0.3 பார் வரைதான். நகரத்துக் குழாய் நீருக்கென்று செய்த மிக்சர்களில் பல ஒரு பாரோ அதற்கு மேலோ எதிர்பார்ப்பவை. அவற்றின் உள்வழி ஒடுக்கம். உங்கள் வீட்டில் பூட்டினால் தண்ணீர் நூல்போலத்தான் வரும். ரப்பிலும் பிழையில்லை, பூட்டியவரிலும் பிழையில்லை. பெட்டியிலோ உள்ளே இருக்கும் தாளிலோ ஆகக் குறைந்த அழுத்தம் எவ்வளவு என்று போட்டிருந்தால் வாசித்துப் பாருங்கள். அது 0.5 என்றோ அதற்கு மேலோ இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

உங்களுக்குப் பொருந்துவது சுவரில் பூட்டும் அரை அங்குல ரப். பச்சைத் தண்ணீருக்கு மட்டுமானது, கழுத்து வளைந்து இரு பக்கமும் சுழலக்கூடியது. அதிலும் இரண்டு வகை உண்டு. கால் சுற்றில் திறந்து மூடும் வகைக்குள் இரண்டு செராமிக் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். பல சுற்றுச் சுற்றித் திறக்கும் வகைக்குள் ரப்பர் வோஷர் இருக்கும். செராமிக் வகை கைக்கு இதம்தான், ஆனால் மணல் வந்தால் தட்டில் கீறல் விழும். மோட்டர் போட்டவுடன் மண் கலங்கி வரும் கிணறு என்றால் வோஷர் வகையையே வாங்குங்கள். ஒழுகத் தொடங்கினால் சின்ன ரப்பர் வோஷர் ஒன்றை மாற்றிக்கொண்டு தொடர்ந்து பாவிக்கலாம்.

மினுக்கத்தைப் பார்த்து உலோகத்தை மதிப்பிட முடியாது. காந்தமும் உதவாது, பித்தளையும் நாகக் கலவையும் இரண்டுமே காந்தத்தில் ஒட்டாதவை. ரப்பின் பின்வாயில் திரெட்டுக்கு (திருகும் புரிக்கு) உட்பக்கம் பாருங்கள், அங்கே பூச்சு குறைவு. மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை. சாம்பல் நிறமாகவும் கைக்குப் பாரமில்லாமலும் இருந்தால் நாகக் கலவையாக இருக்கலாம். உவர்த்தண்ணீரில் அது சீக்கிரம் பொரிந்துவிடும்.

இன்னொன்று. சிங்கின் விளிம்பிலிருந்து ரப்பின் வாய்வரை 25 சென்ரிமீற்றராவது இடைவெளி விடுங்கள். கடையில் காட்சிக்கு வைத்திருப்பதைப் பார்த்து அளவெடுத்தால் சோற்றுப்பானையும் சருவச்சட்டியும் கீழே நுழையாது.

கேள்வி: சுவரில் எல்போ (ரப்பைத் திருகும் வளைந்த பைப் இணைப்பு) வைத்து, அடைப்பானும் போட்டு மேசன் விட்டுப் போய்விட்டார். பிளம்பர் வருவதாகச் சொல்லி இரண்டு கிழமை ஆகிவிட்டது. ஒருநாளும் இந்த வேலை செய்யாத நான் ரப்பைப் பூட்டலாமா? என்னென்ன வாங்கவேண்டும்?
– வாசகி, தருமபுரம்

பதில்: தாராளமாகப் பூட்டலாம். எல்போ சுவருக்குள் உறுதியாக இருந்தால் மிச்சம் ஒரு மணித்தியால வேலை. வாங்கவேண்டியவை: அரை அங்குல ரப், அதனுடன் வரும் வட்டத் தகடு, திரெட் ரேப் (ஒழுகாமல் திரெட்டில் சுற்றும் மெல்லிய நாடா) இரண்டு சுருள், திருகி அளவை மாற்றக்கூடிய ஸ்பனர் ஒன்று. பழைய துணியும் வாளியும் ரோச் லைற்றும் வீட்டில் இருக்கும். அரை அங்குலம் என்று கேட்டு வாங்கிவிட்டு அடிமட்டத்தால் அளந்தால் திரெட்டின் வெளிவிட்டம் 21 மில்லிமீற்றர் காட்டும். பயப்படவேண்டாம், அரை அங்குலத் திரெட்டின் அளவே அதுதான்.

முதலில் தாங்கிக்குக் கீழே இருக்கும் வால்வை மூடுங்கள். வீட்டில் ஆகத் தாழ்வான ரப் எதுவோ, வளவில் கால் கழுவும் ரப்பாகவும் இருக்கலாம், அதைத் திறந்து பைப்பில் நிற்கும் தண்ணீரை வடியவிடுங்கள். பிறகு சுவரிலுள்ள அடைப்பானை இடப்பக்கமாகச் சுற்றிக் கழற்றுங்கள். கழன்றதும் ரப்பைத் தொடாதீர்கள். எல்போவுக்குக் கீழே வாளியைப் பிடித்துக்கொண்டு, வால்வை ஒருவர் பத்துச் செக்கன் திறந்து மூடட்டும். பைப் வெட்டிய தூள், சீமெந்துத் துகள், காய்ந்த பசை எல்லாம் வாளிக்குள் வந்து விழும். இதைச் செய்யாமல் பூட்டினால் அவ்வளவும் புது ரப்புக்குள் போய்ச் சிக்கும். பூட்டிய முதல் நாளே ஒழுகும் ரப்புகளில் கனக்கவற்றுக்கு இதுதான் காரணம்.

அடுத்து, ரேப் சுற்றாமல் ரப்பை வெறுங்கையால் எல்போவுக்குள் திருகிப் பாருங்கள். தடையில்லாமல் மூன்று நான்கு சுற்றுப் போகவேண்டும். முதல் சுற்றிலேயே இறுகினால் திரெட் கோணலாக ஏறுகிறது, கழற்றி மீண்டும் நேராக வையுங்கள். எல்போவின் வாய் ரைல்சுக்கு உள்ளே ஆழமாகப் போயிருந்தால் ரப் எட்டாது. அரை அங்குலத் திரெட்டுடன் பித்தளை எக்ஸ்ரென்ஷன் துண்டுகள் பல நீளத்தில் விற்கிறார்கள். எவ்வளவு குறைகிறது என்று அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். அதை முதலில் எல்போவில் இறுக்கி, அதற்குள் ரப்பை இறுக்கவேண்டும். இரண்டு இடத்துக்கும் ரேப் தேவை.

இனி ரேப். ரப்பின் திரெட் முனை உங்கள் முகத்தைப் பார்க்கிற மாதிரிப் பிடியுங்கள். மணிக்கூட்டு முள் சுற்றும் திசையில், ரேப்பைச் சற்று இழுத்துப் பிடித்து, திரெட்டின் பள்ளம் மேலால் தெரியுமளவுக்கு ஒட்டிச் சுற்றுங்கள். முனையில் ஒரு புரியை வெறுமையாக விடுங்கள், அப்போதுதான் ரேப் கிழிந்து உள்ளே போகாது. கடைகளில் கிடைக்கும் மெல்லிய ரேப் என்றால் பத்துப் பன்னிரண்டு சுற்று வேண்டும். இரண்டு மூன்று சுற்றோடு நிறுத்துவது சிக்கனமில்லை. திசை மாறிச் சுற்றியிருந்தால் திருகும்போது ரேப் சுருண்டு வெளியே வரும், அதைப் பிய்த்து எறிந்துவிட்டுப் புதிதாகச் சுற்றுங்கள்.

வட்டத் தகட்டை முதலில் மாட்டிவிட்டு ரப்பைக் கையால் திருகுங்கள். கை இறுகிய பிறகு, ரப்பின் உடம்பில் தட்டையாக முகம் வைத்த இடத்தில் துணியைச் சுற்றி ஸ்பனரைப் போடுங்கள். கழுத்தையோ கைபிடியையோ பிடித்துச் சுற்றாதீர்கள், உள்ளே இருப்பது நெளிந்துவிடும். கையிறுக்கத்துக்குப் பிறகு முக்கால் சுற்று, மிஞ்சினால் ஒரு சுற்று. ரப் நேராக நிற்கும் இடத்தில் நிறுத்தவேண்டும். நேர்நிலையைத் தாண்டிவிட்டால் பின்னுக்குத் திருப்பி நேராக்கலாம் என்று நினைக்காதீர்கள். பின்னுக்குத் திருப்பிய கணமே ரேப்பின் பிடி விட்டுப்போகும். முழுவதும் கழற்றி, பழைய ரேப்பைச் சுரண்டி எடுத்து, இன்னும் இரண்டு மூன்று சுற்றுக் கூட்டிச் சுற்றுங்கள். நேர்நிலைக்கு வர முதலே இறுகிவிடும்.

ரப்பைத் திறந்து வைத்துக்கொண்டு தாங்கி வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறவுங்கள். காற்று முழுக்க வெளியேறித் தண்ணீர் சீராக வந்ததும் ரப்பை மூடுங்கள். சேரும் இடத்தைத் துணியால் துடைத்துக் காயவிட்டு, பத்திரிகைத் தாள் துண்டு ஒன்றைக் கீழ்ப்பக்கம் ஒட்ட வையுங்கள். அரை மணித்தியாலம் கழித்தும் மறுநாள் காலையும் தாள் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். நனையவில்லை என்றால் தகட்டைச் சுவரோடு தள்ளிவிட்டு மேலும் பக்கமும் சிலிக்கன் பூசலாம். கீழ்ப்பக்கத்தைப் பூசாமல் விடுங்கள். என்றாவது உள்ளே ஒழுக்கு வந்தால் அந்த வழியாக வெளியே தெரியவேண்டும். சுற்றிவரப் பூசி அடைத்தால் சுவர்தான் குடிக்கும்.

இன்னும் ஒரு பத்து நிமிட வேலை இருக்கிறது, பிளம்பர்களில் பலர் சொல்லாமல் விடுவது. வீட்டு வெளிச்சுவரில் குசினிக்கு ஏறும் 20 மில்லிமீற்றர் பைப்பில் அரை அங்குல ‘போல் வால்வு’ (ball valve) ஒன்று வைத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் ஒரு வோஷர் மாற்றுவதற்கும் முழு வீட்டுக்கும் தண்ணீரை நிற்பாட்டவேண்டி வரும். பைப்பை ஹக்சோவால் நேராக வெட்டி, பிசிறைச் சீவி, ஒட்டும் பகுதியை மண்கடதாசியால் இலேசாகத் தேய்த்துத் துடையுங்கள். பைப்பிலும் வால்வின் உள்வாயிலும் பசையைப் பூசி, கால் சுற்றுத் திருப்பியபடி உள்ளே தள்ளி, முப்பது செக்கன் அசையாமல் பிடியுங்கள். கோடையில் மத்தியானத்தில் இந்த வேலை வேண்டாம், தள்ள முதலே பசை காய்ந்துவிடும். பின்னேரம் ஒட்டி, மறுநாள் பின்னேரம் தண்ணீரைத் திறந்துவிடுவது பத்திரம்.

கேள்வி: கனடாவிலிருந்து அண்ணா ஒரு மிக்சர் ரப் அனுப்பியிருக்கிறார். சிங்கின் மேலே துளையில் நிற்கிற வகை. கீழே இரண்டு பின்னல் ஹோஸ். எங்களிடம் சுடுதண்ணீர்ப் பைப் இல்லை. ஹோஸ் நட்டும் இங்கத்தைய வால்வில் ஏறவில்லை.
– வாசகர், மல்லாவி

பதில்: நட் ஏறாததற்குக் காரணம் அளவு வேறு. வட அமெரிக்காவில் சிங் ரப்பின் ஹோஸ் பெரும்பாலும் 3/8 அங்குலக் கொம்பிறஷன் (compression) நட்டோடு வரும். அது நுண்ணிய திரெட், அங்குலத்துக்கு 24 புரி. இங்கே ஆங்கிள் வால்வில் (ஹோஸைப் பூட்டும் வால்வில்) இருப்பது அரை அங்குலத் திரெட், அங்குலத்துக்கு 14 புரி. இரண்டும் ஒருபோதும் சேராது. ரேப் கூடச் சுற்றி, ஸ்பனரால் வலிந்து ஏற்றினால் வால்வும் நட்டும் சேர்ந்து பழுதாகும். ஹோஸ் ரப்பிலிருந்து கழலக்கூடியதா என்று அடியில் பாருங்கள். கழலுமானால், கழற்றிய ஹோஸைக் கடைக்கு எடுத்துப் போய், மேல்முனை அதே திரெட்டிலும் கீழ்முனை அரை அங்குல நட்டோடும் உள்ள ஹோஸ் தேடுங்கள். ரப்போடு ஒட்டிய ஹோஸ் என்றால், இரண்டு திரெட்டையும் இணைக்கும் பித்தளை அடப்ரர் வேண்டும். அதை அண்ணாவிடமே கேட்டு அடுத்த பொதியில் அனுப்பச் சொல்வதுதான் சுகம்.

சுடுதண்ணீர் ஹோஸைச் சும்மா தொங்கவிடாதீர்கள். கைபிடி நடுவில் நிற்கும்போது இரண்டு வழியும் ரப்புக்குள் ஒன்றாகச் சேரும், பச்சைத் தண்ணீர் மற்ற ஹோஸால் இறங்கி அலுமாரிக்குள் ஊற்றும். ஒன்றில் அதற்கு மூடி போடவேண்டும், அல்லது வால்வுக்குப் பிறகு ஒரு ‘ரீ’ (T வடிவ இணைப்பு) வைத்து இரண்டு ஹோஸையும் பச்சைத் தண்ணீரிலேயே இணைக்கவேண்டும். தாங்கித் தண்ணீருக்கு இரண்டாவது வழிதான் எங்கள் தெரிவு. கைபிடியை நடுவில் வைத்தால் இரண்டு வழியாலும் தண்ணீர் ஏறும், வேகம் கொஞ்சம் கூடும்.

பூட்டும் ஒழுங்கு: சிங்கைச் சீமெந்தில் பதிக்க முதலே ரப்பை அதில் பூட்டிவிடுங்கள். பதித்த பிறகென்றால் மல்லாந்து படுத்து, கை நுழையாத இடத்தில் நட்டைத் தேடவேண்டும். ஒற்றைத் துளை ரப்புக்குப் பொதுவாக 35 மில்லிமீற்றர் துளை. ரப்பின் அடியில் ரப்பர் வளையம், சிங்குக்குக் கீழே ரப்பர், அதன்கீழ் இரும்புத் தகடு, பிறகு நட். மெல்லிய தகட்டுச் சிங் என்றால் ரப் ஆடும். கீழே பிளாஸ்ரிக் அல்லது பலகைத் துண்டொன்றைத் துளையிட்டு வைத்து இறுக்கினால் ஆட்டம் நிற்கும். ஹோஸ் நட்டுக்கு ரேப் தேவையில்லை. உள்ளேயிருக்கும் ரப்பர் வோஷர்தான் தண்ணீரைத் தடுப்பது. கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று. கூடினால் வோஷர் வெட்டுப்படும். ஹோஸ் முறுகாமலும் கூர்மையாக மடியாமலும் விழவேண்டும்.

கேள்வி: ரப் பூட்டிய இடத்தில் சொட்டுச் சொட்டாகக் கசிந்தது. இன்னும் இறுக்கினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம், இப்போது கூடுதலாக ஒழுகுகிறது.
– வாசகர், முள்ளியவளை

பதில்: எல்போ வெடித்திருக்கிறது. ரேப் எவ்வளவு சுற்றினாலும், வெளியே என்ன பூசினாலும் நிற்காது. சுவரைக் கொத்தி, எல்போவை வெட்டி எடுத்துப் புதிது ஒட்டத்தான் வேண்டும். வெறும் பிவிசி எல்போவின் உள்திரெட் ஆப்புப்போல ஏறும் பித்தளையைத் தாங்காது. இம்முறை உள்ளே பித்தளைத் திரெட் பதித்த ஃபோசெற் எல்போ என்று கேட்டு வாங்குங்கள். அந்த வித்தியாசத்துக்குக் கொடுக்கும் காசு ஒரு ரைல்சின் விலைகூட வராது. எல்போவைச் சுற்றிச் சீமெந்து நன்றாக அடைத்திருக்கவேண்டும், பின்னால் வெற்றிடம் இருந்தால் ஒவ்வொரு முறை ரப்பைத் திருப்பும்போதும் அது ஆடி, ஒட்டிய இடம் விடும். பூசி மூட முன் அடைப்பானைப் போட்டு, தாங்கியைத் திறந்து, ஒருநாள் விட்டுப் பாருங்கள்.

கேள்வி: புது ரப். மூன்று மாதத்தில் தண்ணீர் மெலிந்து, பக்கவாட்டில் சிதறுகிறது. வாயில் வெள்ளை வெள்ளையாகப் பிடித்திருக்கிறது.
– வாசகி, பூநகரி

பதில்: அது சுண்ணாம்புப் படிவு. உங்கள் பக்கம் நிலத்தடியில் சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு வருகிறது. ரப்பின் வாயில் தங்கும் துளி காயும்போது கரைந்தது கல்லாகப் படிகிறது. வாயிலுள்ள வலைக் கூட்டைக் கையால் திருகிக் கழற்றுங்கள், வராவிட்டால் துணி சுற்றிக் குறட்டால். வலையை மட்டும் வினாகிரியில் ஒரு மணித்தியாலம் ஊறவைத்து, பழைய பல்தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். தேசிக்காய்ச் சாறும் வேலை செய்யும், நேரம் கூட எடுக்கும். ரப்பின் உடம்பில் வினாகிரித் துணியை இரவு முழுக்கச் சுற்றி வைக்கச் சொல்லும் ஆலோசனையைக் கேட்காதீர்கள், பூச்சு மங்கிவிடும். ஐந்து நிமிடம் வைத்து உடனே கழுவினால் காணும். கழற்றிய வலையில் மணல் இருந்தால் அது கிணற்றிலிருந்தோ தாங்கியின் அடியிலிருந்தோ வருகிறது. தாங்கியைக் கழுவவேண்டிய நேரம்.

தாங்கித் தண்ணீர் ஏற்கெனவே மெல்லியது என்றால் வலையே இல்லாமல் பாவிப்பதிலும் பிழையில்லை. கொஞ்சம் தெறிக்கும், ஆனால் பானை சீக்கிரம் நிரம்பும். கழற்ற முதலும் பிறகும் 10 லீற்றர் வாளி நிரம்ப எத்தனை செக்கன் என்று பாருங்கள். வலை இல்லாமலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்தால் தடை ரப்பில் இல்லை. பாதி மூடிய வால்வு, நீளமான அரை அங்குலப் பைப், கூடிப்போன எல்போக்கள், இவற்றில் ஒன்றைத் தேடுங்கள். தாங்கியிலிருந்து குசினிச் சுவர்வரை முக்கால் அங்குலத்தில் கொண்டுவந்து, கடைசி ஏற்றத்தில் மட்டும் அரை அங்குலத்துக்கு இறக்குவதுதான் முறை.

கேள்வி: மூடியபிறகும் சொட்டுகிறது. முழு ரப்பையும் மாற்றவா?
– வாசகர், நெடுங்கேணி

பதில்: எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள். வாயால் என்றால், பல சுற்று ரப்பில் வோஷர், கால் சுற்று ரப்பில் செராமிக் காற்றிட்ஜ் (செராமிக் தட்டுகள் உள்ள உட்பகுதி). கைபிடியின் அடியால் என்றால் தண்டைச் சுற்றியுள்ள ஓ-ரிங் (ரப்பர் வளையம்). கழுத்து சுழலும் இடத்தில் என்றாலும் ஓ-ரிங்தான். பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குங்கள், காற்றிட்ஜ்களில் தண்டின் பல் எண்ணிக்கைகூட மாறுபடும். புது வோஷர் போட்டும் சொட்டினால், வோஷர் உட்காரும் பித்தளை விளிம்பில் விரலை வைத்துத் தடவுங்கள். பள்ளம் விழுந்திருந்தால்தான் ரப்பை மாற்றவேண்டும். ஒழுகுகிறது என்று கைபிடியைப் பலமாக இறுக்கி மூடும் பழக்கம் அந்தப் பள்ளத்தைச் சீக்கிரம் வரவைக்கும்.

கேள்வி: கடலுக்குக் கிட்ட இருக்கிறோம். எந்த ரப்பும் ஒரு வருடத்துக்குமேல் நிற்பதில்லை. பிளாஸ்ரிக் ரப் போட்டால் மரியாதைக் குறைவா?
– வாசகி, முல்லைத்தீவு

பதில்: உங்கள் தண்ணீருக்கு அதுதான் பொருத்தம். உப்பு பிளாஸ்ரிக்கை அரிக்காது. வெயில்தான் அதற்கு எதிரி, குசினிக்குள் அது இல்லை. சுவரில் இறுக்கும்போது ஸ்பனரைத் தொடாதீர்கள், ரேப் சுற்றிக் கையிறுக்கம் காணும். பித்தளைத்தான் வேண்டுமென்றால் குரோம் பூசாத வெறும் பித்தளை ரப் தேடுங்கள். பொரிந்து உரிய அதில் பூச்சு இல்லை, நிறம் மட்டும் கறுக்கும். புளி போட்டுத் தேய்த்தால் திரும்பவும் பளிச்சென்று வரும்.